பையைச் சோதிக்கும் முன் கணக்கைச் சோதிப்போம்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது நம் உறுப்பினர் ஒருவரின் துணைவியார் ஒரு விஷயம் சொன்னார். எர்ணாகுளத்தில் ஒரு பெரிய கடை, பெயர் வேண்டாம். வாசலில் நின்ற காவலாளி, முன்னால் போன நான்கு பேரைச் சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டு இவரிடம் மட்டும் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னாராம். கூட வந்த மகளிடம் தமிழில் பேசிக்கொண்டு வந்ததுதான் இவர் செய்த குற்றம். "முப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன் அண்ணா. ரேஷன் கார்டு இங்க, ஓட்டு இங்க. வாயைத் திறந்தா மட்டும் பாண்டி ஆயிடறேன்" என்றார்.

சுற்றியிருந்தவர்கள் கொதித்தார்கள். சங்கத்தின் பெயரில் கண்டனக் கடிதம் எழுத வேண்டும் என்றார் ஒருவர். நான் மட்டும் வாய் திறக்கவில்லை. காரணம் சொல்ல அன்று எனக்குத் துணிவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் கலூரில் இருபது வருஷத்துக்கு மேல் மளிகைக் கடை நடத்தியவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். என் தகப்பனார் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஓர் அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். மூட்டை இறங்கும்போது வாசலில் நின்று ஒன்று, இரண்டு என்று தானே எண்ணி, சிட்டையில் குறித்த பிறகுதான் உள்ளே விடுவார். "சரக்கு காணாமப் போறது கடைக்குள்ள இல்லடா, வாசல்லதான்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அதை நான் மறந்துபோனதன் கதைதான் இது.

நம் அண்ணாச்சி கடைகளின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததே. முன்னால் கல்லா, அதற்குப் பின்னால் சரக்கு. கேட்டதைப் பையன் எடுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பான். வாங்குபவர் கை சரக்கின் மேல் படுவதே இல்லை. அங்கே திருட்டு என்றால் பெரும்பாலும் உள்ளே இருப்பவர் கைவரிசையாகத்தான் இருக்கும். உலகம் முழுவதும் ஒரு காலத்தில் கடை இப்படித்தான் இருந்தது. 1916-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்தார். வாங்குபவரே கூடையோடு உள்ளே போய் வேண்டியதை எடுத்துக்கொண்டு வரலாம் என்ற முறையை அங்கே கொண்டுவந்தார். ஆள் கூலி குறைந்தது, விற்பனை பெருகியது. ஆசைப்பட்டவர் எடுத்து மறைக்கவும் வழி பிறந்தது. ஆகவே கடைத் திருட்டு என்பது ஏழைகளோ அயலூர்க்காரர்களோ கொண்டுவந்த வியாதியல்ல. திறந்த அலமாரியோடு கூடவே வளர்ந்தது.

நானும் 2003-இல் கல்லாவை வாசல் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, அலமாரிகளைத் திறந்துவிட்டு, 'சூப்பர் மார்க்கெட்' என்று போர்டு மாட்டினேன். வியாபாரம் நன்றாகவே நடந்தது. ஆனால் வருஷக் கடைசியில் இருப்பு எடுத்தால் கணக்கு உதைக்கும். முந்திரி, ஏலக்காய், தலைக்குப் போடும் சாயம், சவர பிளேடு, குழந்தைப் பால் மாவு என்று விலை கூடியதும் கைக்கு அடக்கமானதுமான சாமான்களாகப் பார்த்துக் குறையும். மளிகையில் செலவெல்லாம் போக நூறு ரூபாய் விற்பனையில் இரண்டு மூன்று ரூபாய் நின்றால் பெரிய விஷயம். அந்த இரண்டு ரூபாய்தான் இப்படிப் போய்க்கொண்டிருந்தது. ராத்திரி தூக்கம் வராது. திருட்டு கொடுத்த கடைக்காரனின் வயிற்றெரிச்சலை நான் சாதாரணமாக நினைப்பவன் அல்ல.

2009 ஓணத்துக்கு முந்திய வாரம். கடையில் நிற்க இடமில்லை. என் சூபர்வைசர் வந்து, "முதலாளி, சைட்டிலிருந்து பையோட வர்ற பொம்பளைங்க மேலதான் எனக்குச் சந்தேகம்" என்று காதில் போட்டார். அப்போது கலூர் ஜங்ஷனில் காலையில் தூக்குவாளியும் கையுமாக வேலைக்குக் காத்து நிற்கிறவர்களில் பலர் நம் தமிழ் மக்கள். மாலையில் கூலி வாங்கிக்கொண்டு நேரே என் கடைக்கு வருவார்கள். அன்று ஏழு மணி இருக்கும். நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, தோளில் துணிப்பை. புளியும் பருப்பும் எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தார். நான் அத்தனை பேர் நடுவில் அந்தப் பையை வாங்கி மேஜை மேல் கவிழ்த்தேன்.

ஒரு டிபன் பாக்ஸ், சிமெண்ட் படிந்த ஒரு சட்டை, ஒரு துண்டு, குழந்தைக்கு வாங்கிய இருமல் மருந்து. அவ்வளவுதான்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து வைத்துக்கொண்டார். புளியையும் பருப்பையும் என் பக்கம் தள்ளினார். "நீங்களும் நம்ம ஊர்க்காரங்கதானே அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என் கடைக்கு வரவில்லை.

ஓணம் கழிந்து, மனசு கேட்காமல், இரண்டு நாள் கடையை அடைத்துப் போட்டு, கொள்முதல் பில்களையும் இருப்பையும் ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்தேன். குறைந்ததில் பாதிக்கு மேல், அலமாரிக்கே வந்து சேராத சரக்கு. வேனில் வந்து இறக்குபவர் பில்லில் 24 என்று போட்டு, ஒட்டிய பெட்டிக்குள் 20 வைத்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். என் பையன் பிரித்து எண்ணாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறான். என் தகப்பனார் வாசலில் நின்று செய்த வேலையை நான் செய்யவில்லை. அதற்கான தண்டனையை அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் போல் காலை வேளைகளில் ஜங்ஷனில் போய்ப் பார்த்தேன். கண்ணில் படவில்லை.

இதை என் பாவத்தைக் கழுவிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. கடைத் திருட்டைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறு கருத்தே இல்லை. முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவது அதற்கு வழியே அல்ல என்பதைத்தான் சொல்ல வருகிறேன். அது நியாயமில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதனால் பலனும் இல்லை. கண்கள் துணிப்பை வைத்திருப்பவரைத் தேடிக்கொண்டிருக்கும்போது, மடிப்புக் கலையாத சட்டைக்காரர் சாவகாசமாக எடுத்துக்கொண்டு போவார். பின்வாசல் வழியே பெட்டி பெட்டியாகப் போவதும் தெரியாது.

நாட்டிங்ஹாமில் உள்ள சில்லறை வணிக ஆய்வு மையம் 2011-இல் 43 நாடுகளின் கடைகளை வைத்து வெளியிட்ட கணக்கில், உலகச் சராசரியாக விற்பனையில் 1.45 சதவீதம் இப்படிக் காணாமல் போவதாகவும், இந்தியாவில் 2.38 சதவீதம் போவதாகவும் சொன்னது. பட்டியலில் நாம்தான் முதலிடம். ஆனால் அந்தத் தொகை முழுவதும் வாங்க வந்தவர்கள் எடுத்தது அல்ல. கடை ஊழியர் எடுத்தது, சரக்கு கொடுப்பவர் குறைத்தது, கணக்குப் பிழை எல்லாம் சேர்ந்ததுதான் அது. நம் சட்டமும் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருஷம் வரை சிறை. முதலாளியின் பொருளை வேலையாள் திருடினால் ஏழு வருஷம் வரை. வேலியே பயிரை மேய்வதைத்தான் சட்டம் பெரிதாக நினைக்கிறது. நாமோ தெருவில் போகும் ஆட்டைத் துரத்துகிறோம்.

சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். கோவைக்கு மேற்கே ஆனைகட்டியைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. அங்கே 2018 பிப்ரவரி 22 அன்று மது என்ற ஆதிவாசி இளைஞரை, கடைகளில் அரிசியும் சாமான்களும் திருடினார் என்று சொல்லி ஒரு கூட்டம் காட்டுக்குள் போய்ப் பிடித்து, கையைக் கட்டி, அடித்து, கூட நின்று படமும் எடுத்துக்கொண்டது. போலீஸ் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் 13 பேருக்கு ஏழு வருஷக் கடுங்காவல். அரிசிக்காகப் போன உயிர் அது. அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் பிறவிக் கொலைகாரர்கள் அல்லர். "இவன் அந்த மாதிரி ஆள்தான்" என்று முதலிலேயே முடிவு கட்டியவர்கள். பையைக் கவிழ்த்த அன்று நானும் அதே முடிவைத்தான் கட்டினேன்.

பிறப்பைப் பார்த்துத் திருடன் என்று முத்திரை குத்துவது என்ன என்பது தமிழருக்குத் தெரியாததா? வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றை வைத்து, ஊர் ஊராக ஜனங்களைக் கைரேகை வைக்கச் சொன்னான். மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூர் மக்கள் அதற்கு மறுத்தபோது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 வரை ஆயிற்று. இவ்வளவையும் பட்ட ஜனங்கள், வேறு ஊரில் போய் வேறு ஜனங்களை அதே கண்ணால் பார்க்கலாமா? இன்று கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் பெரும்பாலும் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள். முன்பு நம்மைத் தொடர்ந்த கண்கள் இப்போது அவர்களைத் தொடர்கின்றன. அந்தக் கண்களில் நம் தமிழ்க் கடைக்காரர்களின் கண்களும் உண்டு. நம்மைச் சோதித்தால் கோபம் வருகிறது; அவர்களைச் சோதிக்கும்போது 'ஜாக்கிரதை' என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

சரி, பின் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். 2009-க்குப் பிறகு நான் செய்ததையே சொல்கிறேன். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை.

முதலாவது, பின்வாசல். எந்தப் பெட்டியும் பிரித்து எண்ணாமல் உள்ளே போகக் கூடாது. எண்ணுபவர் ஒருவர், பில்லில் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். இரண்டாவது, இருப்பு. வருஷத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் எண்ணுவதை விட, வாரா வாரம் அடிக்கடி குறையும் பத்துச் சாமான்களை மட்டும் எண்ணுவது மேல். செவ்வாய்க்கிழமை எட்டு இருந்தது வெள்ளிக்கிழமை மூன்றாகி, பில்லில் இரண்டுதான் விற்றிருக்கிறது என்றால், எந்த நாள், எந்த வேளை, யார் பொறுப்பு என்பது தெரிந்துவிடும். பிறகு ஊரையே சந்தேகப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது, கடையின் அமைப்பு. நடு அலமாரிகளை ஆள் நெஞ்சு உயரத்துக்குக் குறைத்தேன். மூலையில் ஒரு குழல் விளக்கும் ஒரு வட்டக் கண்ணாடியும் வைத்தேன். ஏலக்காய், பிளேடு, பால் மாவு மூன்றையும் கல்லாவுக்குப் பின்னால் கொண்டுவந்தேன். பழைய அண்ணாச்சி முறைதான். நான்காவது, வரவேற்பு. உள்ளே வரும் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்து "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். நல்லவருக்கு அது மரியாதை. வேறு எண்ணத்தோடு வந்தவருக்கு, தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்ற அறிவிப்பு. செலவோ காலணா இல்லை. பைகளை வாசலில் வைத்து டோக்கன் வாங்குவது என்றால் எல்லோருக்கும் அதுவே விதி. கைப்பையோடு காரில் வந்து இறங்குபவருக்கும் அதே டோக்கன்.

விலை உயர்ந்த இயந்திரங்கள் வேண்டாமா என்றால், பெரிய கடைகளுக்கு வேண்டியிருக்கலாம். நம்மைப் போன்ற சிறிய கடைக்கு அது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். காமிரா நானும் வைத்தேன். ஆனால் காமிரா போனதைக் காட்டுமே தவிர, போகாமல் தடுக்காது. அதில் விழுந்த ஒரு முகத்தை வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பி 'திருடி' என்று எழுதுவது, பையைக் கவிழ்ப்பதை விடப் பெரிய பாவம். பையைக் கவிழ்த்ததைப் பத்துப் பேர் பார்த்தார்கள். இதைப் பதினாயிரம் பேர் பார்ப்பார்கள்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: வேலையாட்கள். இருப்பு குறைந்தால் எல்லோர் சம்பளத்திலும் பிடிக்கும் வழக்கம் என்னிடமும் இருந்தது. எடுக்காதவன் சம்பளத்திலும் பிடித்தால், 'எப்படியும் பிடிக்கிறான், எடுத்தால் என்ன' என்ற எண்ணம் வரத்தான் செய்யும். அதை நிறுத்தினேன். மாதச் சாமானைக் கொள்முதல் விலைக்கே கொடுத்தேன். உட்கார ஸ்டூல் போட்டேன். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் நாள் முழுவதும் நின்றே விற்க முடியாது என்று போராடியதும், கேரள அரசு 2018-இல் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமை கொடுத்ததும், தமிழ்நாடு 2021-இல் அதைப் பின்பற்றியதும் நீங்கள் அறிந்ததே. கால் கடுக்கப் பத்து மணி நேரம் நிற்கும் பெண், கடையில் யார் என்ன எடுக்கிறார்கள் என்று எங்கே கவனிப்பாள்? கடையைத் தன் கடையாக நினைக்கும் ஆள் ஒருவர் இருந்தால், பத்துக் காமிராவுக்குச் சமம்.

இத்தனைக்கும் மேல் ஒருவர் எடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கண்ணால் பார்த்திருந்தால், பக்கத்தில் போய் மெதுவாக, "அக்கா, அதையும் பில்லில் சேர்த்துடட்டுமா?" என்று கேட்கச் சொல்வேன். பத்தில் எட்டுப் பேர், "ஆமாம், மறந்தே போனேன்" என்று எடுத்து வைத்துவிடுவார்கள். சாமான் திரும்பியது, மானமும் போகவில்லை. மறுத்தால் போலீஸ் இருக்கிறது. கடைக்காரர் அடைத்து வைக்கவோ உடம்பைத் தடவிப் பார்க்கவோ சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்தால் அதுவே குற்றம். கண்ணெதிரே நடந்த கடுமையான குற்றத்துக்குத் தனியார் ஒருவர் ஆளைப் பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைத்தாக வேண்டும். போலீஸே கூட, ஒரு பெண்ணைச் சோதிக்க வேண்டுமானால் பெண்ணைக் கொண்டு, மரியாதை குறையாமல்தான் சோதிக்கலாம். இன்னொன்றும் கவனியுங்கள்: 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவையாகத் திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்குச் சிறை இல்லை, சமூக சேவையே தண்டனை என்று புதிய சட்டம் சொல்கிறது. சட்டமே இவ்வளவு நிதானம் காட்டும்போது, கடை வாசலில் நாம் ஏன் நீதிபதியாக வேண்டும்?

நம் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. நம்மவர் என்பதால் தப்பை மூடி மறைக்க வேண்டாம். பிள்ளை கடையிலிருந்து ஒரு மிட்டாயைக் கையில் மறைத்து வந்தால், சிரித்துக்கொண்டே விட்டுவிடாமல், கையைப் பிடித்து அழைத்துப் போய்த் திருப்பிக் கொடுக்க வையுங்கள். வள்ளுவர் 'கள்ளாமை' என்று ஓர் அதிகாரமே எழுதி வைத்திருக்கிறார். அதைப் போட்டிக்கு ஒப்பிக்க வைத்தால் மட்டும் போதாது. அதேபோல், பில்லைக் கையில் வைத்திருங்கள். உங்களைச் சோதித்தால், "எல்லோரையும் சோதிப்பதானால் என்னையும் சோதியுங்கள், என்னை மட்டும் என்றால் மேனேஜரைக் கூப்பிடுங்கள்" என்று குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள்.

கடைசியாக அந்தக் கடிதம். எழுதத்தான் வேண்டும். ஆனால் அது வெறும் கண்டனமாக இருக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. சோதனை என்றால் எல்லோருக்கும் ஒரே விதி, பெண்ணிடம் பேசப் பெண் ஊழியர், பொது இடத்தில் பையைக் கவிழ்க்கும் வழக்கம் அடியோடு நிறுத்தம் என்று மூன்று கோரிக்கைகளை வைப்போம். அதே கடிதத்தை வியாபாரி வியவசாயி ஏகோபன சமிதியின் உள்ளூர்க் கிளைக்கும், நம் சங்கத்தில் உள்ள கடைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அனுப்புவோம். முதல் பிரதியில் என் மகனைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். கடையை இப்போது அவன்தான் நடத்துகிறான்.

கலூர் ஜங்ஷனுக்கு மேலே இன்று மெட்ரோ ஓடுகிறது. கீழே காத்து நிற்கும் முகங்கள் மாறிவிட்டன. காலையில் நடக்கப் போகும்போது இன்றும் தூக்குவாளியோடு ஓர் அம்மாவைக் கண்டால் என் கால் சற்று நிற்கிறது. கணக்கைச் சோதிக்காமல் பையைச் சோதித்தவனுக்கு அந்தப் பாக்கி தீராது. உங்களில் கல்லாவில் உட்காருபவர் யாருக்கும் அப்படி ஒரு பாக்கி வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.